கம்பியில் கை வைக்காமல்

ஜவுபர் அட்டாளைச்சேனையிலிருந்து கல்முனைக்கு மாப்பிள்ளையாக வந்து ஒரு வெள்ளாமை வெட்டி, மறு வெள்ளாமையும் விதைத்தாயிற்று. இன்னும் அவனுடைய மாமி ஸைனம்பு அவனோடு நேரில் ஒரு சொல் பேசவில்லை. கோபமா என்று கேட்டால் கோபமில்லை, வழக்கம். பெண்ணின் வீட்டில் வந்து குடியிருக்கும் மருமகனுக்கு முன்னால் மாமியானவள் முகங்கொடுத்துக் கதைக்கமாட்டாள். குசினிக்கும் மண்டபத்துக்கும் நடுவே தொங்கும் சீலைத்திரைக்கு அப்பால் நின்றுதான் குடும்பத்தை நடத்துவாள். அதற்குப் பெயர் மரியாதை. சில வேளை மரியாதையும் மனிதனை வாட்டி எடுக்கும் என்பதை ஜவுபரைக் கேட்டால் சொல்வான்.

வீட்டுக்குள் தபால் கந்தோர் நடத்தியவள் அவன் மனைவி நதீரா. "மாமிக்குத் தலையிடி எண்டு சொன்ன, இப்ப எப்பிடியாம்?" என்று இவன் கேட்பான். அவள் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய், "உம்மா, தலையிடி எப்பிடியாம்?" என்பாள். இரண்டடி தள்ளி நின்று இவன் கேட்டதை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த மாமி, இப்போதுதான் செய்தி வந்தது போல, "சுகமெண்டு சொல்லு" என்பாள். நதீரா திரும்பி வந்து, "சுகமாம்" என்பாள்.

நதீரா வீட்டில் இல்லாத நேரத்தில் அந்த உத்தியோகம் பூனைக்கு. "பூன, ஆணம் இன்னும் கொஞ்சம் சட்டியில கிடக்கு. வேணுமா?" என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வரும். வந்த புதிதில், மாமிக்குப் பூனைமேல் இவ்வளவு பாசமா என்று வியந்து, அரை வயிற்றோடு கையைக் கழுவிக்கொண்டு எழும்பிப் போயிருக்கிறான் ஜவுபர். அந்தக் குழம்பையெல்லாம் தின்று கொழுத்தது பூனைதான்.

அவனுக்கு உம்மா இல்லை. கைப்பிள்ளையாக இருக்கும்போதே மௌத்தாகிவிட்டாள். சாச்சி வீட்டில் பத்தோடு பதினொன்றாக வளர்ந்தவன். கலியாணம் பேசி வந்தபோது அவன் மனதில் ஒரு ஆசை இருந்தது, வெளியே சொன்னால் ஊர் சிரிக்கும். தன்னை ஒரு மனுசி 'மகன்' என்று கூப்பிட வேண்டும். கூட்டாளிமார் வீடுகளிலே ஒரு வருசம் போனால் மாமிமார் மெல்ல மெல்லத் திரையை விட்டு வெளியே வந்துவிடுவார்கள். இங்கே திரையைக் கழுவிக் காயப்போட்டு, மறுபடி கொண்டுவந்து தொங்கவிடுகிறார்கள். நான் இந்த வீட்டில் மகனா, விருந்தாளியா என்று அவன் தனக்குள்ளேயே கேட்டுக் கேட்டு அலுத்துப்போனான்.

பின் விறாந்தையில் ஒரு மோட்டார் சைக்கிள் சாக்குப் போர்த்திக்கொண்டு நின்றது. நதீராவின் வாப்பா முத்தலிப் ஓட்டிய பழைய பி.எஸ்.ஏ. ஊரையே புரட்டிப்போட்ட சூறாவளிக்கு முந்திய வருசம் அவர் போய்ச் சேர்ந்தார். பிறகு சூறாவளி வந்து விறாந்தைக் கூரையைக் கொண்டுபோனது. கூரையைத் திரும்பப் போடும்வரைக்கும் மழையும் கடற்காற்றும் அதன் தலையில்தான். மாமி வெள்ளிக்கிழமைகளில் அதைச் சுற்றிக் கூட்டுவாள். அதைத் தொடமாட்டாள்.

சீதனமாக வந்த வயல் சம்மாந்துறைக்கும் அங்காலே. வஸ்ஸில் போய் இறங்கி, வாய்க்கால் கரையோடு வெகுதூரம் நடக்க வேண்டும். விடியச் சுபஹுத் தொழுகைக்கே மாமி சோறு கட்டிக் கொடுத்துவிடுவாள். வாழையிலையைத் தணலில் வாட்டி, சோற்றைப் பரப்பி, மீனும் சம்பலும் வைத்து மடித்த பொதி. பகல் வயலோரத்து ஓலை வாடியில் அவிழ்க்கும்போது அது குளிர்ந்து கட்டியாகியிருக்கும். "சுடச் சுடத் திண்டா இன்னும் எப்பிடியிரிக்கும்!" என்று ஒருநாள் நதீராவிடம் சொன்னான். திரை அசைந்ததை அவன் கவனிக்கவில்லை.

சில நாள் கழித்து, அஸர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்து, கேட்டே விட்டான்.

"அந்தச் சைக்கிளத் திருத்தி எடுக்கட்டாண்டு மாமிக்கிட்டக் கேளு."

நதீரா உள்ளே போனாள். மாமி அடுப்பில் வெங்காயம் தாளித்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் படபடவென்று வெடித்ததில் வார்த்தை ஒன்றும் இவன் காதுக்கு எட்டவில்லை. குரல் மட்டும் கேட்டது. நீளமான பேச்சு. நடுவில் ஒருதரம் நின்று, மறுபடி தொடர்ந்தது. நதீரா கருவேப்பிலையை வாயில் மென்றுகொண்டே வெளியே வந்தாள்.

"எடுக்கட்டாம். நல்லா மினுக்கி எடுக்கட்டாம்."

"இவ்வளவு நேரம் கதைச்சது இவ்வளவுதானா?"

"உம்மாட கதை எப்பவும் நீளம்தானே" என்றாள் நதீரா.

ஜவுபருக்குத் தலைகால் புரியவில்லை. மினுக்கி எடுக்கட்டாம்! மாமாவின் சைக்கிளை மாமியின் கண்ணுக்கு முன்னால் புதுசாக்கி நிறுத்திவிட்டால், எந்தத் திரைதான் தாங்கும்?

சாக்கை இழுத்துப் போட்டுப் பார்த்தான். இரும்புச் சிலிண்டர் துருவேறிச் செங்கல் நிறத்தில் நின்றது. அதன் கீழே அலுமினிய உடம்பில் பழைய எண்ணெயும் புழுதியும் இறுகிக் கிடக்க, உப்புக்காற்றுப் பட்ட இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, தேமல் விழுந்த முகம் போல இருந்தது. ஆர்வக் கோளாறு யாரை விட்டது? உடுப்பு வெளுக்கிற சோடாவைக் கொதிதண்ணீரில் கரைத்து, எஞ்சின் முழுக்க ஊற்றித் தேய்த்தான். அழுக்குக் கழன்றது. கூடவே அலுமினியம் சட்டிக்கரியாகக் கறுத்துப் போனது.

கல்முனைத் தெருவில் கராஜ் வைத்திருந்த நேசராசா, சின்ன வயதில் அட்டாளைச்சேனையில் இவனோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவன். சேர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, வெள்ளைச் சட்டையோடு நேரே பார்க்க வந்தான். வந்தவன் எஞ்சினைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மச்சான், அலுமினியத்துக்கு ஆராவது சோடா காட்டுவானா? உங்கட குசினியில போய்ப் பார். சாம்பல் போட்டா அலுமினியச் சட்டி கறுக்கும், புளி போட்டா வெளுக்கும். புளியக் கரைச்சுக் கொண்டு வா. அதுக்கு முதல் துவாரமெல்லாத்தையும் துணியால அடை. உள்ளுக்கு ஒரு தூள் போனாலும் எஞ்சின் செத்திரும்."

நதீரா புளிக்கு உள்ளே போனாள். திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "பூன, இண்டைக்கு எஞ்சினுக்குப் புளியாணம் காய்ச்சப் போறாங்களாம்." நேசராசா திரும்பிப் பூனையைப் பார்த்தான். ஜவுபருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மாமி பகிடி விட்டிருக்கிறாள்! பூனையிடம்தான் என்றாலும் பகிடி பகிடிதானே.

அன்றிலிருந்து வயலில்லாத பொழுதெல்லாம் விறாந்தையில்தான். புளியைப் பூசி, தேங்காய்த் தும்பால் தேய்த்து, கழுவித் துடைத்தான். கறுப்பு இறங்கிச் சாம்பல் நிறம் வந்தது. பிறகு தேய்க்கிற மண்கடதாசியை மண்ணெண்ணெயில் நனைத்து, ஒரே பக்கமாக, அவசரப்படாமல் இழுத்தான். வெள்ளைப் பூப்புத் தின்ற சின்னச் சின்னக் குழிகள் மெல்ல மெல்லத் தேய்ந்து மறைந்தன. சிலிண்டரின் மடிப்புகளுக்குள் விரல் போகாது. ஈர்க்கில் துணி சுற்றி, பல்லுக் குத்துவது போல ஒவ்வொரு மடிப்பாகக் குத்தித் துருவெடுத்து எண்ணெய் தடவினான். கடைசியில் மினுக்குகிற மாவைத் தொட்டுப் பழைய சாரன் துணியால் தேய்க்க வேண்டும். துணி கறுக்கக் கறுக்க உலோகம் வெளுக்கும். அவனுக்கு அந்தக் கறுத்த துணியைப் பார்ப்பதிலே ஒரு சந்தோசம். நெல்லுத் தூற்றுகிறவன் பதரைப் பார்க்கிற சந்தோசம் அது.

ஒரே ஒரு இடம்தான் அடம்பிடித்தது. சிலிண்டருக்குப் பின்னால், கியர்பெட்டியின் மேல்முகத்தில், உள்ளங்கையளவில் ஒரு கறை. தார் போலக் கறுத்து இறுகியிருந்தது. மண்ணெண்ணெய்க்கும் அசையவில்லை, புளிக்கும் அசையவில்லை. அதற்கு மேலே வேலிக்குக் கட்டுகிற கம்பியை முறுக்கி, குருவிக்கூடு போல ஒன்று வளைத்துக் கட்டியிருந்தது. எதைத் தாங்க என்று தெரியவில்லை.

"இது ஆர்ர கைவேலையோ! கண்ணில்லாதவன் முறுக்கினது போல இரிக்கி" என்று சத்தமாகவே சொல்லிச் சிரித்துக்கொண்டு, குறட்டால் கம்பியைக் கழற்றினான். கறையை மழுங்கிய கத்தியால் சுரண்டினான். சுரண்டும்போது வெங்காயமும் மீனும் கருகினாற்போல ஒரு வாடை வந்தது. எலி கொண்டுவந்து தின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். கம்பி வீணாகக் கூடாதே என்று அதைக் கோழிக்கூட்டுக் கதவுக்கு இறுக்கிக் கட்டினான்.

எல்லாம் முடிந்த அன்றைக்குச் சைக்கிளை முற்றத்து வெயிலில் நிறுத்தினான். கண் கூசியது. நதீரா குனிந்து எஞ்சினின் பக்கமூடியில் முகம் பார்த்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். நேசராசா காபரேட்டரைக் கழுவிப் பூட்டி, ஒரு உதை உதைத்தான். எஞ்சின் இருமி, செருமி, பிறகு நிறுத்தாமல் பேசத் தொடங்கியது. மாமி வெளியே வரவில்லை. ஆம்பிள்ளைகள் நிற்கிறார்களே, நான் தொழப் பள்ளிக்குப் போன பிறகு வந்து பார்ப்பா என்று ஜவுபர் கணக்குப் போட்டான். கணக்குச் சரிதான். மாமி வந்து பார்த்தாள்.

பள்ளியிலிருந்து அவன் திரும்பியபோது வீடு அமைதியாக இருந்தது. தேத்தண்ணி வந்தது. இராச்சாப்பாடு வந்தது. பாலாணம், பொரித்த கீரிமீன், எல்லாம் வந்தன. திரைக்குப் பின்னாலிருந்து சத்தமில்லை. மறுநாளும் இல்லை. மாமி பூனையோடும் கதைப்பதை விட்டுவிட்டாள். பூனை திரையடியில் போய் நின்று கத்திக் கத்திப் பார்த்துவிட்டு, இவன் முகத்தை வந்து பார்த்தது.

"மாமிக்கு என்ன?" என்று நதீராவைக் கேட்டான்.

"கேட்டா ஒண்டுமில்ல எண்டுறா. குசினியில தனிய இரிந்து அழுதமாதிரியும் இரிக்கி."

நதீரா விறாந்தைக்குப் போய்ச் சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். திடீரென்று நின்றாள்.

"இதில இரிந்த கம்பி எங்க?"

"கோழிக்கூட்டுக்குக் கட்டின."

அவள் வாயில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். பிறகு சொன்னாள். "வாப்பா வயலுக்குப் போகக்குள்ள உம்மா சோத்துப்பொதிய அந்தக் கம்பிக்குள்ளதான் வெச்சி அனுப்புவா. பகல் திங்கிறதுக்கு முதல் எஞ்சினக் கொஞ்சம் ஓடவிட்டா, அந்தச் சூட்டுல சோறு ஆவி பறக்கும். வயல் வட்டையில எல்லாரும் பழஞ்சோறு மாதிரித் திங்கக்குள்ள வாப்பா மட்டும் சுடச் சுடத் திம்பாராம். ஆணம் ஒழுகி ஒழுகித்தான் அந்தக் கறை. உம்மா அத ஒருக்காலும் துடைக்க உடல்ல."

கருகின வெங்காய வாடை மறுபடியும் ஜவுபரின் மூக்கில் ஏறியது. மாமா கடைசியாகத் தின்ற சோற்றின் ஆணமும் அதற்குள் இருந்திருக்கும். கத்தியை வைத்துச் சுரண்டியவன் அவன்.

"அண்டைக்கு மாமி நீளமாச் சொன்னாவே, என்ன சொன்னா? சரியாச் சொல்லு."

நதீராவின் கண் நிறைந்துவிட்டது. "'எடுக்கட்டும். நல்லா மினுக்கி எடுக்கட்டும். அந்தக் கம்பியில மட்டும் கை வைக்காம' எண்டா. நான் வழியில கருவேப்பிலயத் திண்டுக்கிட்டு வந்து பாதியத்தான் சொன்ன."

அழுகிற முகத்தோடு கருவேப்பிலையைக் குற்றம் சொல்லுகிறவளை என்ன என்று ஏசுவது? கோழிக்கூட்டுக்கு ஓடினான். முறுக்கை அவிழ்த்தான். உப்புக்காற்றில் நொந்துபோயிருந்த பழங்கம்பி, மறுபடி வளைக்கப் போன இடத்தில் முறிந்தது. இன்னொரு தரம் வளைத்தான், அதுவும் முறிந்தது. கையில் துண்டு துண்டாகக் கம்பியை வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றான். ஊரிலே யார் வீட்டுச் சைக்கிளும் இப்படி மின்னியதில்லை. அதைப் பார்க்க அவனுக்கு அருவருப்பாக இருந்தது. மகனாகப் போகிறேன் என்று கிளம்பி, விருந்தாளியும் செய்யாத வேலையைச் செய்து வைத்திருக்கிறான்.

மன்னிப்புக் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது? நதீராவிடம் சொல்லியனுப்பினால் எந்தப் பாதி போய்ச் சேருமோ. நேரே போய் மாமியின் முகத்துக்கு முன்னால் நிற்பது வழக்கமில்லை. அவன் மண்டபத்துக்குப் போய், திரைக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தான். படுத்திருந்த பூனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"பூன" என்றான். செருமிக்கொண்டான். "பூன, நான் தெரியாமச் செஞ்சிட்டன். கம்பியில கை வைக்காதே எண்டு சொன்னது எனக்கு வந்து சேரல்ல. வந்திருந்தா ஆணையா நான் தொட்டிருக்கமாட்டன். கண்ணில்லாதவன் முறுக்கினது எண்டு வேற வாயால சொல்லிட்டன். மாமா கட்டின கம்பி. திரும்பக் கட்டப் பார்த்தன், முறிஞ்சி போச்சு. என்ன செய்யிற எண்டு எனக்குத் தெரியல்ல. எனக்கு உம்மா இல்ல பூன. இந்த வீட்டுல ஒரு நல்ல பேர் எடுக்கணுமெண்டுதான் அவ்வளவும் செஞ்ச."

பூனை கொட்டாவி விட்டது. திரை அசையவில்லை. உள்ளே எங்கேயோ ஒரு அகப்பை கீழே விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. அவன் பூனையை இறக்கிவிட்டு எழும்பிப் போய்விட்டான்.

மறுநாள் விடிய, வயலுக்குப் போகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்தான். வஸ்ஸிலேயே போகலாமா என்றுகூட நினைத்தான். சோற்றுப்பொதி இன்னும் வரவில்லை. நதீராவைக் கூப்பிடத் திரும்பினால், குசினிக் கதவால் மாமி இறங்கி வருகிறாள். தலையில் முக்காடு. ஒரு கையில் சோற்றுப்பொதி, மறு கையில் புதுக் கம்பிச் சுருளும் குறடும். பின்னால் நதீரா, வாய் பிளந்தபடி.

ஜவுபருக்கு ஓடுவதா நிற்பதா என்று தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

மாமி நேரே சைக்கிளடிக்கு வந்தாள். அவனைப் பார்க்கவில்லை, எஞ்சினைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"இந்தப் புள்ளக்கிட்டச் சொல்லியனுப்பினா பாதி வழியில விழுந்திருது" என்றாள். "பூனக்கிட்டச் சொன்னா அது எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுச் சும்மா இரிக்கி. அதனால நானே சொல்லுறன், மகன்."

மகன். முற்றத்துக் காகம் கரைவதை நிறுத்தவில்லை, தெருவில் பேக்கரிச் சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது. ஜவுபருக்கு மட்டும் கண்ணெல்லாம் கலங்கிப் போய் எஞ்சின் இரண்டாகத் தெரிந்தது.

மாமி குந்தியிருந்து கம்பியை அளந்து வெட்டினாள். "மாமா கட்டின கம்பி எண்டீங்க. அவருக்குக் கம்பி முறுக்கத் தெரியுமா? அவர் கட்டின வேலி ஒண்டு ஒரு மாரிக்கு நிண்டதில்ல. இத முறுக்கின கண்ணில்லாதவ நான்தான்."

"மாமி, நான்..."

"இரிங்க. சொல்லி முடியல்ல. அது அவர்ர பொதிக்கு அளவா முறுக்கினது. அவர் கொஞ்சமாத் திங்கிற மனிசன். உங்கட பொதி பெரிசு. பழைய கம்பி இரிந்திருந்தாலும் உங்கட பொதிக்குக் காணாது." அவள் பொதியைக் கியர்பெட்டிமேல் வைத்து, அதைச் சுற்றிக் கம்பியை வளைத்தாள். அவள் கை பழகின கையாகப் போய் வந்தது. வளைத்து முடித்துப் பொதியை ஒருதரம் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. "உங்களுக்கு ஒரு அளவு எடுத்துத்தான் கட்டணுமெண்டு நானும் நினைச்சிக்கிட்டுத்தான் இரிந்த. பழசக் கழற்ற எனக்குத்தான் மனம் வரல்ல."

எழும்பி, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு விரலைத் தூக்கினாள்.

"இன்னொண்டு. ஆணம் ஒழுகும். ஒழுகினா ஒழுகட்டும். துடைக்கக் கூடா. இது முழுக்க உங்களுக்கு விளங்கிச்சா?"

"முழுக்க விளங்கிச்சு மாமி" என்றான் ஜவுபர். அவளோடு அவன் நேரில் முழுசாகப் பேசிய முதல் பேச்சு அது.

அன்று பகல் வாடியில், எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டுப் பொதியை அவிழ்த்தபோது ஆவி முகத்தில் அடித்தது. பக்கத்து வயல்காரர் மீராமுகைதீன் எட்டிப் பார்த்து, "என்ன மருமகன், இஞ்சயே ஆக்கினயா?" என்றார். ஜவுபர் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. கை கழுவிவிட்டுச் சைக்கிளைப் பார்த்தான். கண்ணாடியாக மின்னிய கியர்பெட்டியில், பெருவிரலளவு மஞ்சளாக ஒரு சொட்டு ஒழுகி, ஓரத்தில் காயத் தொடங்கியிருந்தது. அவனுடைய சட்டைப்பைக்குள் மினுக்குத் துணி கிடந்தது. அதை எடுத்து நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி பைக்குள் வைத்தான்.

பின்னேரம் சைக்கிளின் சத்தம் கேட்டுப் பூனை முதலில் ஓடிவந்தது. பிறகு மாமி வந்தாள். முற்றத்தில் வைத்தே குனிந்து கியர்பெட்டியைப் பார்த்தாள். கறையைத் தொட்டு, விரலை மூக்கடியில் கொண்டுபோனாள்.

"சோறு சுட இரிந்திச்சா, மகன்?"

"ஓம் மாமி. ஆவி பறந்திச்சு."

"காணுமா? நாளைக்கு இன்னும் ஒரு பிடி வைக்கட்டா?"

"வைங்க மாமி."

நடுவில் நின்ற நதீரா இவன் முகத்தையும் உம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எடுத்துச் சொல்ல அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை. அவள் பூனையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனாள்.